அசல் டிஸ்க்கைப் போடவும்

மனிதர்களிடம் பொய் சொல்லாதவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். கம்ப்யூட்டரிடம்கூடப் பொய் சொல்லாத ஒருவரை நான் பாளையங்கோட்டையில்தான் பார்த்தேன்.

அந்த அக்கா ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கும் அறையில் வேலை பார்த்தார். அடுத்த அறை என்னுடையது, கம்ப்யூட்டர் அறை. தொண்ணூறுகளின் பின்பாதி. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சீட்டை எழுதுவதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் பதிய ஆரம்பித்திருந்தார்கள். எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. முதல் நாளே அக்காவால் வகுப்பு நின்றுபோனது.

ஒரு புதிய மென்பொருளை ஏற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். திரையில் வழக்கமான கேள்வி வந்தது. நிபந்தனைகளை முழுவதும் படித்து ஒப்புக்கொள்கிறீர்களா? எல்லோரும் ‘ஆம்’ என்பதை அமுக்கினார்கள். அக்கா மட்டும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“என்னக்கா, அமுக்குங்க.”

“நான் படிக்கலையே தம்பி. படிச்சேன்னு எப்படிச் சொல்ல?”

சிரிப்பு அடங்க நேரமானது. அக்கா சிரிக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஆங்கில அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அத்தனை நிபந்தனைகளையும் படித்து முடித்தார். அந்த மென்பொருளை விற்ற முகவர்கூடப் படிக்காத சமாச்சாரம் அது. பிறகு கவலையோடு என்னிடம் வந்தார்.

“நடுவுல ஒண்ணு போட்டிருக்கான் தம்பி. அணு உலையில இதை ஓட்டக்கூடாதாம். நம்ம ஆஸ்பத்திரியில அப்படி ஒண்ணும் இல்லல்லா? கூடங்குளத்துல கட்டப் போறாங்கன்னு பேசிக்கிடுதாவ. அங்கனருந்து யாராவது வந்து கேட்டா குடுத்திராதீங்க.”

அதன் பிறகுதான் ‘ஆம்’ என்பதை அமுக்கினார்.

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்க இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

வேலையிலும் அப்படித்தான். பார்வை சரியாக இருக்கிறது என்று சான்று வாங்கப் பலர் வருவார்கள். லைசென்ஸ் எடுப்பவர்கள், வேலையில் சேரப் போகிறவர்கள். கண் சரியில்லாத கில்லாடிகள் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவர் பலகையைப் பார்த்து ட, ப, ம, ய என்று படிப்பதைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வார்கள். தங்கள் முறை வந்ததும் உள்ளே போய் அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பார்கள். அக்கா இதற்காகவே வேறு வேறு எழுத்து எழுதிய பலகைகளை வைத்திருந்தார். ஆள் உள்ளே வருவதற்குள் சத்தமில்லாமல் பலகையை மாற்றிவிடுவார்.

“நல்லா ஒப்பிச்சீங்க. ஆனா அது முந்தின பலகையில்லா?” என்று அக்கா சொல்லும்போது வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் என் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன்.

“பாவம்க்கா, விட்டுரலாம்” என்று ஒருமுறை ஒரு லாரி டிரைவருக்காகப் பேசிப் பார்த்தேன்.

“நான் விட்டா, எதிர்த்தாப்ல வாரவன் பாவமில்லையா? எங்க வீட்டு ஆளும் ரோட்லதான் வண்டி ஓட்டுதாவ” என்றார்.

அவர் வீட்டு ஆளை, அதாவது கணவரை, அக்காவோடு பழகுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். என் ஊர் சீவலப்பேரி. தினமும் நான் ஏறி வந்த டவுன் பஸ்ஸின் டிரைவர்தான் அந்த அண்ணாச்சி. ஆற்றுப்பாலத்தில் பஸ்ஸைத் திருப்புகிற லாவகத்தைப் பார்க்கவே நான் முன் சீட்டில் உட்காருவேன். கூட்டம் தொங்கிக்கொண்டு வந்தாலும் படியில் ஏறுகிற கடைசி ஆளைக் கண்ணாடியில் பார்த்து, “ஏலே, பைய ஏறு, நான் எங்கயும் போயிர மாட்டேன்” என்பார்.

ஒரு நாள் காலையில் முகம் மழிக்கும்போது அவருக்குப் பக்கவாதம் வந்தது. சில வாரங்களில் காலுக்குத் தெம்பு திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் திரும்பவில்லை. விரல்களை ஓயாமல் அசைக்க வேண்டும், வருவதெல்லாம் இந்தச் சில மாதங்களில்தான் வரும், விட்டுவிட்டால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார்கள். அண்ணாச்சி அதை இடது கையால் எடுத்து ஜன்னல் வழியாக எறிந்துவிட்டார். பிள்ளைகளோடு பந்து விளையாடுகிற வயசா தனக்கு என்று ஒரே சண்டை.

அந்த நேரத்தில்தான் அக்காவின் தம்பி விடுமுறையில் வந்தார். கப்பலில் வேலை. வரும்போது ஒரு கம்ப்யூட்டரும், அட்டைப்பெட்டியோடு ஒரு விளையாட்டும் கொண்டுவந்தார். மலைப் பாதையில் லாரி ஓட்டுகிற விளையாட்டு. அன்றைக்குத் திருநெல்வேலியில் அட்டைப்பெட்டியோடு விளையாட்டு வைத்திருந்த இன்னொருவரை எனக்குத் தெரியாது. எங்கள் எல்லோரிடமும் இருந்தது நகல், அல்லது நகலின் நகல்.

வண்டியைத் திருப்புகிற அம்புக்குறி விசைகள் விசைப்பலகையின் வலது ஓரத்தில் இருக்கின்றன. அதாவது வலது கைக்கு வேலை. பந்தைத் தொடாத மனிதர் லாரி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். விளையாட்டைப் போட்டுக் கொடுக்க நான்தான் போயிருந்தேன்.

“ஏட்டி, இதுல ஹாரன் எங்க இருக்கு?”

“ஹாரன் கிடையாதாம்.”

“ஹாரன் இல்லாம எவன் மலையில வண்டி ஓட்டுதான்? இதுல பாரு, எதிர்த்து வாரவன் பூரா தப்பான சைடுல வாரான்.”

“அவங்க ஊர்ல அதுதான் சட்டம். நீங்கதான் தப்பான சைடுல போறிய.”

சட்டத்தை ஒத்துக்கொள்ள அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை எதிரே வந்த அத்தனை வண்டிகளோடும் மோதினார். மோதுவதற்கும் விரல் வேண்டுமே. முதலில் இடது கையால் வலது கையைத் தூக்கி விசைமேல் வைத்துக்கொண்டார். பிறகு கை தானாக மேசைமேல் ஊர்ந்து வந்தது. பிறகு சுட்டுவிரல் தனியாக அமுக்கியது. அக்கா ஆஸ்பத்திரியில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். “நேத்து ஒரு வளைவுல மோதாம திரும்பிட்டாவ” என்பார், உண்மையிலேயே கணவர் மலையேறிவிட்டு வந்த மாதிரி.

அந்த விளையாட்டில் ஒரு காவல் உண்டு. ஒவ்வொரு தடவை ஆரம்பிக்கும்போதும் ‘அசல் டிஸ்க்கைப் போடவும்’ என்று கேட்கும். கம்பெனி கொடுத்த பிளாப்பி டிஸ்க்கில் ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு பழுதை வைத்திருப்பார்கள். நகல் எடுத்தால் மற்றதெல்லாம் வரும், பழுது வராது. விளையாட்டு அந்தப் பழுதைத் தேடிப் பார்க்கும். இருந்தால் அசல், உள்ளே வா. இல்லையென்றால் வெளியே போ. இதை விளக்கிச் சொன்னபோது அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

“நம்ம பலகை மாத்துத மாதிரியே இல்ல தம்பி? நல்லா யோசிச்சிருக்கான்.”

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் தெருவில் இடி விழுந்தது. அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து புகை வந்தது. திறந்து பார்த்த மெக்கானிக், உள்ளே எல்லாம் கருகிவிட்டது என்று கைவிரித்தார். அக்காவின் தம்பி மறுபடியும் கப்பலேறிவிட்டார். புதிது வாங்குவதை அவர்கள் நினைத்தும் பார்க்க முடியாது. அண்ணாச்சி கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா நேராகப் பெரிய டாக்டரிடம் போய், உள்ளதைச் சொல்லி அனுமதி கேட்டார். ஐந்து மணிக்குமேல் என் அறையில் அண்ணாச்சி விளையாடலாம் என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை, அந்தக் கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது, உள்ளே எதையும் மாற்றி வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் இருந்த மற்ற கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அதுதான் தாய். மற்றவற்றில் பிளாப்பி போட வாயே கிடையாது.

ஆட்டோ வைத்து அண்ணாச்சியை அழைத்து வந்தார்கள். நான் விளையாட்டை ஏற்றினேன். மலை வந்தது, லாரி வந்தது, ‘அசல் டிஸ்க்கைப் போடவும்’ வந்தது. அக்கா கைப்பைக்குள்ளிருந்து அசலை எடுத்துத் துடைத்துப் போட்டார். ‘அசல் டிஸ்க்கைப் போடவும்’ என்று மறுபடியும் வந்தது. எடுத்துப் போட்டோம். மறுபடியும் அதே வரி. பிளாப்பி வாயில் எரிய வேண்டிய விளக்கு எரியவே இல்லை.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்தார். “வண்டி எடுக்காது போல வே. வீட்டுக்குப் போவோம்” என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் அக்கா என்னிடம் நியாயம் கேட்க வந்தார். “உள்ள இருக்கதை இல்லைங்குதே. அப்ப நான் பொய் சொல்லுதேங்குதா?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த விளையாட்டு பழைய காலத்தது. ஒரு முழுக் கம்ப்யூட்டரும் தனக்கே சொந்தம் என்று நினைத்து எழுதப்பட்டது. எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த புதிய விண்டோஸோ ஒருவரையும் நம்பாது. பழைய விளையாட்டு வந்தால் தனக்குள்ளேயே ஒரு பொய்யான கம்ப்யூட்டரைக் கட்டி, அதற்குள் அதை உட்கார வைக்கும். இதுதான் முழு மெஷின் என்று அதுவும் நம்பி ஓடிக்கொண்டிருக்கும். படம் காட்டலாம், விசையைக் கேட்கலாம். ஆனால் பிளாப்பியை நேராகத் தொட்டு அந்தப் பழுதைத் தேட நினைத்தால் விண்டோஸ் கையைப் பிடித்துக்கொள்ளும். விளையாட்டுக்குப் பழுது தென்படாது. தென்படாததால் நாம் கள்ளர்கள். கம்ப்யூட்டரை அணைத்து விண்டோஸ் இல்லாமல் எழுப்பினால் ஓடும், ஆனால் அணைக்க அனுமதி இல்லையே.

“அப்ப பொய் சொல்லித்தான் அதை உள்ள வச்சிருக்கு, உங்க விண்டோஸு.”

“பொய்யின்னு இல்லக்கா, ஒரு ஏற்பாடு.”

“முழு வீடும் உனக்குத்தான்னு சொல்லிட்டு ஒரு ரூமைக் குடுத்தா, அதுக்குப் பேரு ஏற்பாடா?”

இப்போது இதற்கு மெய்நிகர் இயந்திரம் என்று அழகான பெயர் வந்துவிட்டது. பெரிய பெரிய கம்பெனிகளின் வேலையெல்லாம் அப்படிப்பட்ட அறைகளுக்குள்தான் நடக்கிறது. இன்றைக்கும் சில விளையாட்டுகள் தாங்கள் இருப்பது வெறும் அறை என்று மோப்பம் பிடித்துவிட்டால் ஓட மறுக்கின்றன. காசு கொடுத்து வாங்கியவன் வெளியே நிற்கிறான், திருடியவன் உள்ளே விளையாடுகிறான். அப்படிப்பட்ட செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, அக்காவுக்காக.

எனக்கு வழி தெரியாமல் இல்லை. ஜங்ஷன் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த என் நண்பனிடம் இந்தக் காவலை உடைக்கிற சின்ன நிரல் ஒன்று இருந்தது. அதை ஓட்டினால் விளையாட்டு அசலைக் கேட்கவே கேட்காது. அக்காவிடம் சொன்னேன்.

“அது கேக்கது நியாயந்தான தம்பி. என் பலகையை ஒருத்தன் கழட்டி எறிஞ்சிட்டு, எனக்கு எல்லாம் தெரியுதுன்னு சீட்டு வாங்கிட்டுப் போனா விடுவேனா?”

“நீங்கதான் அசலை வச்சிருக்கியளே அக்கா.”

“வச்சிருந்தா? செஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்லா.”

கேட்டார். அட்டைப்பெட்டியில் ஒரு போன் நம்பர் இருந்தது. எஸ்.டி.டி. பூத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய், எழுதி வைத்திருந்த ஆங்கிலத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே அந்த வெளிநாட்டு எண்ணைப் போட்டார். எதிர்ப்பக்கம் பதிவு செய்த ஒரு பெண்குரல், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. அக்கா மரியாதையாக முழுவதையும் கேட்டுவிட்டு, “தேங்க் யூ” சொல்லி போனை வைத்தார்.

எனக்கு எரிச்சல் வந்தது. வாய்விட்டே சொன்னேன். “நாளு போய்க்கிட்டே இருக்குக்கா. அண்ணாச்சி கையை நினைச்சுப் பாருங்க.”

“நினைக்காம இருக்கனா?” என்றார். அவர் குரல் உடைந்ததை நான் அன்றுதான் கேட்டேன். அண்ணாச்சி சாப்பிடும்போதுகூட வலது கையைத் துண்டுக்குள் மறைத்து வைத்துக்கொள்வதாகச் சொன்னார். விரல்கள் மறுபடியும் மடங்க ஆரம்பித்திருந்தன. டாக்டர் பார்த்துவிட்டு, ஏன் விட்டீர்கள் என்று திட்டினாராம். அப்படியும் அக்கா அசையவில்லை. நல்லவர்களோடு பழகுவது சில சமயம் எவ்வளவு சிரமம் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

கார்த்திகை மாதம் ராதாபுரத்திலிருந்து ஒரு பெரியவர் கண் காட்ட வந்தார். கூடவே மருமகள். அவர் கதவருகே நின்று உதட்டை அசைத்து எதையோ சொல்லிப் பார்ப்பதை நானே கண்டேன். அக்காவும் கண்டிருக்க வேண்டும். பலகை மாறியது. பெரியவர் உள்ளே போய் உட்கார்ந்து, முந்தின பலகையைக் கடகடவென்று ஒப்பித்தார்.

“யாரை ஏமாத்துதிய? பலகையில அப்படியா இருக்கு?” அக்கா சத்தம் போட்டுவிட்டார்.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். மருமகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “கண்ணு நல்லாத்தான்ம்மா தெரியுது. எழுத்துதான் தெரியாது. இந்தப் புள்ளை படிச்ச புள்ள. அது முன்னால எப்படிச் சொல்ல?”

எழுத்து தெரியாதவர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் வேறு ஒரு பலகை உண்டு. மூன்று பல் சீப்பு போல ஒரு குறி, மேலே, கீழே, இடம், வலம் என்று திரும்பிக் கிடக்கும். பல் எந்தப் பக்கம் இருக்கிறதென்று கையால் காட்டினால் போதும். வாய் திறந்து கேட்டிருந்தால் அதைத்தான் வைத்திருப்பார்கள். அக்கா மருமகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பலகையை மாட்டினார். பெரியவர் கடைசி வரிசை வரை தப்பில்லாமல் காட்டினார்.

“மன்னிச்சிருங்கய்யா” என்று அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போன பிறகு வெகுநேரம் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை.

சாயங்காலம் என் அறைக்கு வந்தார். “கள்ளனைப் பிடிக்கத்தான் பலகை மாத்துதேன். அதுல நல்ல மனுசனும் மாட்டுதான். அவர் கண்ணுல ஒரு குறையும் இல்ல. நான் கேட்ட விதம்தான் தப்பு.” கைப்பைக்குள்ளிருந்த அசல் பிளாப்பியை எடுத்துப் பார்த்தார். “இந்த விளையாட்டும் கேக்கத் தெரியாமத்தான் கேக்குது. உங்க கூட்டாளிகிட்ட இருக்கதை வாங்கிட்டு வாங்க தம்பி.”

மறுநாள் அண்ணாச்சியை அழைத்து வந்துவிட்டார். விளையாட வேண்டாம், சும்மா வந்து உட்காருங்கள் என்று கெஞ்சிக் கூட்டி வந்ததாகப் பிறகு சொன்னார். அண்ணாச்சி துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு, யார் வீட்டு விருந்தோ என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். நான் நண்பன் கொடுத்த நிரலை ஓட்டினேன். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. நான் வழக்கம்போல ‘ஒய்’ விசையை அமுக்கக் கையைக் கொண்டுபோனேன்.

“நில்லுங்க தம்பி. என்னமோ கேக்குதே.” என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து படித்தார். “இந்த விளையாட்டின் அசல் உங்களுக்குச் சொந்தமா? ஆம் என்றால் ஒய், இல்லை என்றால் என்.” திரும்பி என்னைப் பார்த்தார். “இதை யாரு எழுதுனது?”

“தெரியலக்கா. எந்த ஊர்ப் பையனோ.”

“பாத்தியளா, கள்ளச் சாவி செய்யுதவன்கூட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் திறக்கான். நீங்கள்லாம் இதுக்கு என்ன பதில் சொல்லுவிய?”

“நாங்க எங்கக்கா படிச்சோம்? ஒய்யை அமுக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்போம்.”

அக்காவின் முகம் மலர்ந்ததை இன்னும் என்னால் பார்க்க முடிகிறது. பையிலிருந்து அசல் பிளாப்பியை எடுத்துக் கணவர் முன்னால் மேசையில் வைத்தார்.

“எந்தம்பி இதை உங்களுக்குத்தான் வாங்கிட்டு வந்தான். உங்களுக்குச் சொந்தமான்னு கேக்குது. நீங்களே பதில் சொல்லுங்க.”

அண்ணாச்சி திரையைப் பார்த்தார், பிளாப்பியைப் பார்த்தார். “எங்கன கிடக்கு அந்த ஒய்யி?”

“மேல் வரிசையில, நடுவுல” என்றேன்.

இடது கையை நீட்டினார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். “இந்தக் கை வேண்டாம். வாங்குனது அந்தக் கைக்கு.”

துண்டுக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. மேசையின் விளிம்பைத் தொட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. பிறகு நகர்ந்தது. விசைப்பலகைமேல் ஏறியது. மடங்கிக் கிடந்த விரல்களிலிருந்து சுட்டுவிரல் மட்டும் நடுங்கிக்கொண்டே பிரிந்து, தேடி, ஒய் மேல் விழுந்தது. விழுந்த விரலைத் தூக்க அவருக்குத் தெம்பில்லை. ஒய் ஒய் ஒய் என்று திரையில் அது வரிசையாக ஓடியது. வரி நிறைந்து, கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது.

“என்ன வே இப்படிக் கத்துது? கெடுத்துப்புட்டனா?” என்றார் அண்ணாச்சி.

அக்கா அழுதுகொண்டே சிரித்தார். “ஒண்ணுமில்ல. ஒருக்க ஆமான்னு சொன்னா போதுமாம்.”

“கிடக்கட்டும் ஏட்டி. அதுக்கு நல்லாக் கேக்கட்டும்” என்றார் அண்ணாச்சி. விரலை எடுக்காமல் இன்னும் அழுத்தினார்.